சக்கரத்தை மாற்றாதீர்கள், கோட்டம் எடுங்கள்!



"சக்கரத்தையே மாத்திடுங்க சார்." ஓசூரில் சைக்கிள் கடைப் பக்கம் போனால் இப்போதெல்லாம் முதலில் காதில் விழும் வாசகம் இதுதான். ரிம் லேசாக ஆடுகிறதா, மாற்று. இரண்டு ஸ்போக்ஸ் கம்பி அறுந்துவிட்டதா, மாற்று. அச்சில் கரகரவென்று சத்தமா, மாற்று. வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. நின்ற இடத்திலிருந்தே தீர்ப்பு வந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. இதனால் நஷ்டப்படுவது ஏழை வீட்டுப் பிள்ளைகள். நஷ்டம் பணத்தோடு நிற்பதும் இல்லை. இதைப் பற்றி இன்று கொஞ்சம் காட்டமாகவே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒரு கால் உடைந்த மர நாற்காலியைக் கழிவு செய்ய வேண்டுமென்றால் என்ன பாடு! இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கம், எந்த ஆண்டு வாங்கியது, இப்போதைய மதிப்பு என்ன, பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று குறிப்பு வைக்க வேண்டும். பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று பொறுப்பான ஓர் அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். அந்த நடைமுறையை நாங்களே கேலி செய்திருக்கிறோம். இப்போது யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருந்தது தெரிகிறது. ஒரு பொருளை உதவாதது என்று சொல்லுமுன் அதைப் பழுதுபார்க்க முடியாது என்று ஒருவர் நிரூபிக்க வேண்டும். நாற்காலிக்கு இருந்த அந்த மரியாதை ஒரு பிள்ளையின் சைக்கிள் சக்கரத்துக்கு இல்லை.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்புக்கு வீட்டு வேலைக்கு வரும் ஓர் அம்மாவின் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பாகலூர் பக்கத்துக் கிராமம். பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிளில்தான் வந்து போகிறான். ஒருநாள் அம்மாவுக்குச் சாவி கொடுக்க வந்தவன், சைக்கிளை நிறுத்தக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"ஏன்டா தம்பி, பிரேக் இல்லையா?" என்றேன்.

"இருக்கு தாத்தா. பின் சக்கரம் கோணலாயிடுச்சு, பிரேக் கட்டை உரசுது. மிதிக்கவே முடியல. அதான் லூஸ் பண்ணி விட்டுட்டேன்."

"கடையில காட்டலியா?"

"காட்டினேன். புது வீல் போடணும்ங்கறாங்க. அம்மாகிட்ட இப்ப காசு இல்ல."

கதையின் முழு விஷமும் இந்த நாலு வரியில் இருக்கிறது. சக்கரம் கோணலானால் பிரேக் உரசும். பிரேக் உரசினால் மிதிக்கக் கனக்கும். பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? பிரேக்கைத் தளர்த்திவிடுவான். அப்படித் தளர்த்திய வண்டியோடு கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓடும் சாலையில் இறங்குவான். காலைத் தரையில் தேய்த்து நிறுத்திவிடலாம் என்பது அவன் நம்பிக்கை. மத்திகிரி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் அந்த வண்டியை அனுப்பினேன். இரண்டு கம்பி புதிதாகக் கோர்த்து, கோட்டம் எடுத்து, பிரேக்கை மறுபடி இறுக்கிக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. கடை மரண தண்டனை விதித்த அதே சக்கரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிற்க. கோட்டம் எடுப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புரிந்துகொண்டால்தான் கடையில் நின்று வாதாட முடியும்.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் கட்டையானவை. பாரம் கீழே இருக்கும் ஆரக்காலை அழுத்தும், அது தாங்கும். சைக்கிள் சக்கரத்தில் இருப்பது இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி. அதை நிற்க வைத்து அழுத்தினால் புல்லைப் போல வளைந்துவிடும். ஆனாலும் அது ஓர் ஆளையும், கேரியரில் ஓர் அரிசி மூட்டையையும் சுமக்கிறது. எப்படி? எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பாரம் ஏறும்போது கீழே இருக்கும் கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைகிறது. சக்கரம் உருண்டு அவை மேலே போனதும் பழைய இறுக்கம் திரும்புகிறது. இறுக்கம் இருக்கும் வரைதான் சக்கரத்துக்கு பலம்.

நம் பழைய 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் போகும். பள்ளிக்குப் போக ஐந்து, வர ஐந்து என்று பத்து கிலோமீட்டர் ஓட்டும் பிள்ளையின் சக்கரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,500 சுற்றுச் சுற்றுகிறது. அத்தனை முறையும் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. சரியாக முறுக்கிய கம்பி இதைப் பல வருடம் தாங்கும். தொளதொளவென்று கிடக்கும் கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் ஆடி ஆடி, ஒருநாள் அங்கேயே அறுந்துவிடும். அதன் பங்குச் சுமை பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். பிறகு அவையும் அறும். ரிம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். எனவே "கம்பி மட்டமான சரக்கு, அதனால் அறுந்தது" என்பது பாதி உண்மைதான். பெரும்பாலும் அது கவனிப்பு இல்லாமல் அறுந்த கம்பி.

புது சைக்கிளுக்கு இது இன்னும் முக்கியம். ஓட ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கம்பிகளும் நிப்பிள்களும் தங்கள் இடத்தில் படியும், இறுக்கம் குறையும். அப்போது ஒருமுறை கோட்டம் பார்த்து இறுக்கிவிட்டால் சக்கரம் நெடுநாள் பேசாது. புது ஸ்கூட்டருக்கு முதல் சர்வீஸ் என்று தேதி குறித்து ஓடுகிறோம். புது சைக்கிளுக்கு யார் செய்கிறார்கள்?

கோட்டம் எடுக்கத் தேவையான கருவி உள்ளங்கையில் அடங்கும் ஒரு நிப்பிள் சாவி. சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டியோ, சைக்கிளைக் கவிழ்த்தோ சுற்ற வேண்டும். ஃபோர்க்கின் மேல் கட்டை விரலையோ ஒரு சாக்பீஸையோ வைத்தால் ரிம் எங்கே தொடுகிறது என்று தெரியும். ரிம் இடப்பக்கம் வந்தால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும். மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். பக்கவாட்டுக் கோணல் போனபின் மேடு பள்ளம் பார்க்க வேண்டும். கடைசியில் ஒரே பக்கத்துக் கம்பிகளை வீணைத் தந்தி போல விரலால் சுண்டினால் ஏறக்குறைய ஒரே சுருதி வர வேண்டும். காது தேறிய ஆள் கண்ணை மூடிக்கொண்டே தளர்ந்த கம்பியைக் காட்டுவார்.

அச்சும் அப்படித்தான். கரகர சத்தத்துக்கு ஹப்பை மாற்றச் சொல்வார்கள். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது என்று சின்ன எஃகு குண்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததை மட்டும் மாற்றி, புது கிரீஸ் வைத்து, கோனை இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் பூட்டினால் சத்தம் போய்விடும். கோன் குழி விழுந்திருந்தால் கோனை மட்டும் மாற்றலாம்.

உதவாத சக்கரமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ரிம்மில் விரிசல், பற்றவைத்த மூட்டு பிளந்தது, உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தது, லாரி ஏறி எட்டு போல மடிந்தது, இவையெல்லாம் கழிவுதான். ஆனால் அதைப் பார்த்து, தொட்டு, சுற்றிச் சொல்ல வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கோணலான சக்கரத்தை "ரூ வுவாலே" என்பார்கள். "வுவால்" என்றால் கப்பலின் பாய். காற்றில் பாய் புடைப்பதுபோல் ரிம் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது என்று பொருள். கோட்டம் எடுப்பதற்கு "தேவுவாலே" என்று ஒரு வினைச்சொல். அதே சொல்லுக்கு முகத்திரையை விலக்குதல் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. இந்தக் கம்பிச் சக்கரம் பாரிஸ் பட்டறையில் பிறந்ததுதான். 1869இல் எஜேன் மெயேர் என்பவர் இழுவிசைக் கம்பிச் சக்கரத்துக்கு அங்கே காப்புரிமை வாங்கினார். ஐந்து ஆண்டு கழித்து, 1874இல், இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளை ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் பின்னும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உங்கள் வீட்டுச் சைக்கிளில் இருக்கும் பின்னல் அதுதான். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு நிப்பிளை வைத்தது எதற்கு? பிற்பாடு திருகிச் சரிசெய்வதற்கு. சரிசெய்துகொள்ளவே உண்டாக்கிய பொருளைச் சரிசெய்ய முடியாது என்று சொல்பவரை என்ன சொல்வது?

முன்பு மட்டும் எப்படி எல்லாக் கடையிலும் கோட்டம் எடுத்தார்கள்? நம் வயதுக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் கடை நினைவிருக்கும். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி, மட்காடில் எண் பெயின்ட் அடித்த வண்டியைக் கொடுப்பார்கள். நாம் குரங்குப் பெடல் போட்டு விழுந்து எழுந்து கொண்டுபோய் விடுவோம். சாயங்காலம் கடைக்காரர் அந்த வண்டியைக் கவிழ்த்துப் போட்டு நிப்பிள் சாவியோடு உட்கார்ந்துவிடுவார். காரணம் எளிது. அவருக்குச் சக்கரம் என்பது முதல். அது எவ்வளவு நாள் உழைக்கிறதோ அவ்வளவு வருமானம். இன்றைய கடைக்குச் சக்கரம் என்பது சரக்கு. எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு வியாபாரம். மனிதர்கள் கெட்டுப்போகவில்லை, கணக்கு மாறிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஓசூர் என்றால் வண்டி செய்யும் ஊர். அசோக் லேலண்ட் லாரி இங்கே உருவாகிறது. 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் கிளம்பியது. அதன் சக்கரமும் கம்பிச் சக்கரம்தான். இப்போது ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் ஓசூரிலும், ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளி பக்கத்திலும் தயாராகின்றன. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் கைகள் சிப்காட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த ஊரில் ஒரு சைக்கிள் ரிம்மை நேராக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது என்றால் இது திறமைப் பஞ்சம் இல்லை. அந்த வேலைக்கு மதிப்பு இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோடு பைக்கில் வரும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெல்லிய சக்கரத்தில் கம்பிகள் குறைவு, அதனால் ஒவ்வொன்றின் இறுக்கமும் அதிகம். பின்னால் கியர் பல்சக்கரங்கள் இருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். அவர்கள் பெங்களூரில் இதற்கென்றே இருக்கும் பட்டறைக்குப் போய், நல்ல கூலி கொடுத்து கோட்டம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் யாரும் "மாத்திடுங்க" என்று சொல்வதில்லை, ஏனென்றால் அந்தச் சக்கரத்தின் விலை அதிகம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். விலை உயர்ந்த சக்கரத்துக்கு வைத்தியம், ஏழையின் சக்கரத்துக்குத் தண்டனை. ஷிப்ட் முடித்து ஜூஜூவாடியில் வாடகை அறைக்கு மிதித்துப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ரோஜாத் தோட்டத்துக்குப் போகும் பெண்ணுக்கும் அந்தப் பட்டறை எட்டாது.

அரசுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கியது. பிறகு எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் தொடர்ந்த நல்ல திட்டம். அதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அந்த இயக்கம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஓட்டக் கற்றுக்கொடுத்தோம், வண்டியும் கொடுத்தோம். மூன்றாவது படி மட்டும் பாக்கி. மேடை, படம், சாவி என்று வழங்கும் விழாவோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அந்தச் சக்கரங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவதில்லை. எழுத்தராக இருந்தவனுக்கு இதன் காரணம் புரிகிறது. கொள்முதலுக்கு விழா உண்டு, பராமரிப்புக்கு விழா கிடையாது.

செய்ய முடியாத காரியமா? 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும், பிரான்ஸ் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளைப் பதிவு செய்த கடையில் கொடுத்தால் 50 யூரோ வரை பழுதுபார்க்கும் செலவை அரசே ஏற்கும். அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் மறுபடி சாலைக்கு வந்தன. பணக்கார நாடே பழசைப் பழுதுபார்க்கப் பணம் கொடுத்தபோது, நாம் ஓடக்கூடிய சக்கரத்தை இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

"இந்தக் காலத்தில் சைக்கிள் யார் சார் ஓட்டுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினரிடம் சைக்கிள் இருந்தது. நம் தெருவில் குறைந்துவிட்டது என்பதற்காக நாட்டிலேயே இல்லை என்று ஆகிவிடாது. "கோட்டம் எடுக்கும் நேரத்தில் நாலு பஞ்சர் ஒட்டிவிடலாம், கட்டுப்படியாகாது" என்று கடைக்காரர் சொல்கிறார். இதில் நியாயம் இருக்கிறது. ஃபிரீவீல் பக்கத்துக் கம்பி அறுந்தால் பெரும்பாலும் ஃபிரீவீலைக் கழற்றித்தான் கோர்க்க வேண்டும், துருப்பிடித்திருந்தால் அதற்கே மூச்சு முட்டும். அப்படியிருக்க, அரை மணி நேரம் குனிந்து வேலை செய்தவரிடம் "என்னப்பா, சும்மா திருகினதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுவது யார்? நாம்தான். புதுச் சக்கரத்துக்குப் பேசாமல் பணம் எடுத்துக் கொடுக்கும் நாம், கைத்திறனுக்குக் கொடுக்க மனம் வராமல் இழுக்கிறோம். பொருளுக்கு விலை உண்டு, கைக்கு இல்லை என்று நாம் சொல்லிச் சொல்லியே அந்தக் கைகளை விரட்டினோம்.

ஆகவே என் கோரிக்கைகள் சில. மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு ஸ்டாண்டு, நாலைந்து நிப்பிள் சாவி, ஒரு பெட்டி கம்பி வைக்கலாம். பருவத்துக்கு ஒருநாள் தொழில் தெரிந்தவரை வரவழைத்து, சம்பளம் கொடுத்து, பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் படிக்கும் பையன்களுக்கு ஒரு வாரம் சைக்கிள் சக்கரம் பின்னவும் நேராக்கவும் சொல்லித்தரலாம். கைக்கு நிதானம் வர இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சக்கரத்தால் வாழும் ஊர் இது, அந்தப் பணத்தில் ஒரு சிறு துளி சைக்கிள் சக்கரத்துக்கு வரக்கூடாதா?

கடைசியாக உங்களுக்கு. இன்று மாலை உங்கள் பேரன் பேத்தியின் சைக்கிளையோ, வேலைக்கு வருபவரின் சைக்கிளையோ தூக்கிப் பிடித்து ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றுங்கள். ரிம் பிரேக் கட்டையைத் தொட்டுத் தொட்டுப் போகிறதா பாருங்கள். பிரேக்கைப் பிடித்தால் பிடிக்கிறதா பாருங்கள். கோணலாக இருந்தால் கடைக்குப் போங்கள். "மாத்திடுங்க" என்று சொன்னால், "ஏன் கோட்டம் எடுக்க முடியாது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். எடுத்துக் கொடுத்தால் கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். உங்கள் ஊரில் இந்த வேலை தெரிந்தவர் இன்னும் இருந்தால், பக்கத்தில் நாலு பேருக்குச் சொல்லி வேலை அனுப்புங்கள். வேலை வந்தால்தான் அவர் ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுப்பார்.